முதல் பெஞ்சு தூங்குகிறது

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கல்லூரியின் ஏசி ஹாலில் யார் யார் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்ச நேரம் போனால் அவர்களில் முக்கால்வாசிப் பேரை ‘உட்கார்ந்திருந்தார்கள்’ என்று சொல்ல முடியாது.

மேடையில் நின்றவர் கிருஷ்ணவேணி. பொருளாதாரம் நடத்துகிறவர். ஆழ்வார்திருநகரியிலிருந்து தினமும் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வருகிற கௌரவ விரிவுரையாளர். வருடத்துக்கு ஒருமுறை கல்லூரிக் கமிட்டி கூடி ‘இருக்கட்டும்’ என்றால் இருப்பார், ‘வேண்டாம்’ என்றால் போய்விடுவார். முதல் பெஞ்சில் கிழக்குச் சுவரை ஒட்டி, இரண்டாம் இடம் வாங்கிப் பழக்கமே இல்லாத ஜான்ஹவி. அவளுக்குப் பக்கத்தில், ‘மேலிடத்துப் பார்வையாளர்’ என்று அறிமுகப்படுத்தப்பட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டிய சட்டையோடு துப்பறியும் நிபுணர் ஞானையா. நடுப் பெஞ்சுகளில் அறுபது பேர் சொச்சம். கடைசி பெஞ்சில், பின்பக்கக் கதவை ஒட்டி, பேச்சிராஜாவும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும். அவர்களுக்கு நடுவே, தோள்பையும் சுடிதாருமாக மாணவி வேடத்தில் ஞானையாவின் உதவியாளர் சந்தனச்செல்வி. அவளுக்கு வயது முப்பத்தெட்டு. யாரும் சந்தேகப்படவில்லை. “அரியராக்கா?” என்று பேச்சிராஜா அனுதாபத்தோடு கேட்டதோடு சரி.

வந்த காரியம் இதுதான். கிருஷ்ணவேணியின் வகுப்பில் தினமும் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். எழுந்தால் தலைவலி என்கிறார்கள். ‘அந்தம்மா பாடம் நடத்தலை, தாலாட்டுப் பாடுது’ என்று முதல்வர் பாண்டியராஜன் முடிவு கட்டிவிட்டார். மறுநாள் நாலு மணிக்குக் கமிட்டி. அங்கே அவர் ‘வேண்டாம்’ என்று சொல்லப்போவது கல்லூரி காவலாளிக்குக்கூடத் தெரியும்.

மக்ரூன் கடை மாடியில் இருக்கும் ஞானையாவின் அலுவலகத்துக்கு வந்து கிருஷ்ணவேணி கேட்டது ஒரே கேள்வி. “நான் அவ்வளவு போர் அடிக்கிறேனா, சார்? தெரிஞ்சவா எல்லாம் மரியாதைக்கு இல்லைங்கறா. நீங்க கண்டுபிடிச்சு எழுத்தில கொடுங்கோ. அடிக்கிறேன்னா நானே போயிடறேன்.”

மாப்பிள்ளை விசாரணையும் காணாமல் போன ஸ்கூட்டரும் பார்த்தே தலை நரைத்தவர் ஞானையா. ஒருவர் போரடிக்கிறாரா இல்லையா என்று துப்பறியச் சொல்லி யாரும் அவரிடம் வந்ததில்லை. அவர் மனைவி மட்டும் அவர் விஷயத்தில் அதைத் தனியாகவே துப்பறிந்து முடித்திருந்தார்.

“உப்பு விலை யார் கையில் இருக்கு?” என்று கிருஷ்ணவேணி, வருகைப் பதிவும் விடைத்தாள் கொடுப்பதும் முடிந்து அரை மணி நேரம் கழித்து, ஹாலில் பாடத்தைத் தொடங்கினார்.

நல்ல கேள்வி. ஞானையா அதைக் குறித்துக்கொண்டார். விளாத்திகுளம் பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவனாக இருந்த காலத்திலிருந்தே எதையும் குறித்துக்கொள்வது அவர் வியாதி. ‘உப்பு விலை யார் கை’ வரைக்கும் எழுத்து முத்து முத்தாக வந்தது. அதற்குப் பிறகு பேனா தாளில் ஒரு நீளமான ரயில் பாதை போட்டு, மேசை விளிம்பைத் தாண்டி, கீழே இறங்கிவிட்டது.

கண் விழித்தபோது ஹால் காலியாக இருந்தது. செல்வி எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, குறட்டைய போன்ல பதிஞ்சு வச்சிருக்கேன். கேக்கியளா? ஹார்பர்ல இழுவைக் கப்பல் ஒண்ணு பின்னுக்கு வார மாதிரியே இருக்கு.”

“கண்ண மூடி யோசிச்சிட்டு இருந்தேன், ளா செல்வி.”

“எச்சி ஒழுகுத அளவுக்கா?”

வெளியே கிழக்குப் பக்கம் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். மொத்தச் சுவரையும் மறைத்து, அடியில் கொஞ்சம் நிழலும் விட்டிருந்தது. கட்டடத்தின் நிழலோடு அதுவும் சேர்ந்துகொள்ள, அங்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பன்னீர் சோடாவும் கையுமாக இருவரும் ஆலோசித்தார்கள். ஞானையாவுக்குத் தலை கிண்ணென்று இருந்தது.

“சாப்பாடுதான் காரணம்” என்றார். “கேண்டீன்ல இன்னைக்குப் பிரியாணி. மத்தியானம் பிரியாணிய முழுங்கிட்டு எவன் முழிச்சிருப்பான்?”

அந்தப் பக்கம் போன ஜான்ஹவியைச் செல்வி கூப்பிட்டாள். “ஏ பிள்ள, மத்தியானம் என்ன சாப்பிட்ட?”

“இன்னிக்கு ஏகாதசிக்கா. காலைலேர்ந்து தண்ணி மட்டும்தான்.” சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள். முதல் ஆளாக டெஸ்க்கில் தலை சாய்த்தது அவள்தான்.

ஞானையா ஒரு மடக்குச் சோடா குடித்தார். “அப்ப அந்தத் தண்ணியிலதான் எவனோ எதையோ கலக்குதான்.”

“காலேஜ் தண்ணிக் கேன்லதான் நானும் ரெண்டு தம்ளர் குடிச்சேன். பாருங்க, முழிச்சிட்டு நின்னு உங்களக் கேலி பண்ணுதேன்.” செல்வி குரலைத் தணித்தாள். “வேற ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. பேச்சிராஜா கூட்டத்துல ஒருத்தன்கூடத் தூங்கல. நோட்ஸ் எழுதுனானுவ, அண்ணாச்சி. எனக்குப் பயமாப் போச்சு.”

“கடைசி பெஞ்சா?”

“கடைசி பெஞ்சுதான். வாத்தியாரு போரடிச்சா மொதல்ல விழுதது யாரு? கடைசி பெஞ்சு. கடைசி வரைக்கும் மூச்சப் பிடிச்சிட்டு முழிச்சிருக்கது யாரு? முதல் பெஞ்சு. இங்கன தலைகீழா நடக்குது.”

ஞானையா எழுந்து நின்றார். இந்த மாதிரி இடங்களில் துப்பறியும் நிபுணர்கள் எழுந்து நிற்பது வழக்கம். “அப்ப தூக்கம் அந்தம்மா வாயில இருந்து வரல. அந்த ஹால்ல இருந்து வருது. கதவுகிட்ட மட்டும் வரல.”

“கதவு அடிப்பலகை உப்புக்காத்துல அரிச்சுப்போய், கை நுழையுத அளவுக்கு ஓட்டை. நான் காலை அந்தப் பக்கம்தான் நீட்டிட்டு இருந்தேன். வராந்தாக் காத்து ஜிலுஜிலுன்னு வந்துது.”

“அத ஏன் மொதல்லயே சொல்லல?”

“யார்ட்ட சொல்ல? நீங்கதான் இழுவைக் கப்பலா இருந்தியளே.”

அப்போது கிருஷ்ணவேணி ஆசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தார். பஸ் நிறுத்தத்துக்குக் கிழக்குச் சுவர் ஓரமாக நடந்தால் கூப்பிடு தூரம்தான். அவரோ சுவரைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, மேற்கே கொளுத்துகிற வெயிலில் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு போனார்.

ஞானையாவின் புருவம் உயர்ந்தது. “பாத்தியா? இந்தச் சுவருக்கும் அந்தம்மாவுக்கும் என்னமோ இருக்கு.”

“நம்மள வேலைக்கு வச்ச ஆளையே சந்தேகப்படுதீயளே.”

“யாரையும் விடக் கூடாது.”

“அப்ப மொதல்ல உங்க பேனாவப் பிடிங்க. அதுதான் குற்றம் நடக்கும்போது எடத்த விட்டு ஓடியிருக்கு.”

முதல்வர் பாண்டியராஜன் அறையில் ஞானையா ஹாலைக் குறை சொன்னபோது, அவர் சிரித்தே விட்டார். பட்டிமன்ற நடுவராகத் தென்மாவட்டம் முழுக்கச் சுற்றியவர். சிரிப்பே மூன்றாவது வரிசை வரை கேட்கும்.

“மிஸ்டர் ஞானையா, அதே ஹால்ல காலையில காமர்ஸ் வகுப்பு நடக்குது. அதே ஏசி, அதே பெஞ்சு, அதே எழுபது பேர். ஒருத்தன் கண் அசர்றதில்லை. மத்தியானம் இந்தம்மா வந்தா மட்டும் பூராவும் அவுட். இதுக்குத் துப்பறியணுமா?”

யோசித்துப் பார்த்தால் அது ரொம்பச் சரியான வாதம். ஞானையா பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கொண்டிருந்தபோது செல்வி குறுக்கே புகுந்தாள்.

“சார் பேச்சுல யாராச்சும் தூங்கியிருக்காங்களா, சார்?”

“என் பேச்சுல தூங்குறவன் இனிமேதாம்மா பொறக்கணும்.”

“அப்ப நாளைக்கு அதே ரெண்டு மணிக்கு, அதே ஹால்ல, நீங்க ஒரு அரை மணி நேரம் பேசுங்க. ஒருத்தனும் தூங்கலன்னா தப்பு அந்தம்மா மேலதான்னு எங்க அண்ணாச்சியே கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துருவாக.”

முதல்வர் மீசையைத் தடவினார். “தலைப்பு?”

“உங்க இஷ்டம், சார்.”

வெளியே வந்ததும் ஞானையா, “நான் எழுதிக் கொடுப்பேன்னு நீ எப்படிச் சொல்லலாம்?” என்றார்.

“நீங்க வாயத் தொறந்திருந்தா அங்கயே எழுதிக் கொடுத்திருப்பீய.”

புதன்கிழமை இரண்டு மணி. ஞானையா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். விளாத்திகுளம் வாத்தியார்கள் பார்த்திருந்தால் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார்கள். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து தோள்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பெட்டி. வேதியியல் துறையில் கெஞ்சி வாங்கி வந்தது. அறையில் கரியமில வாயு எவ்வளவு என்று எண்ணில் காட்டும்.

“வெளிக்காத்துல நானூத்துச் சொச்சம் காட்டும். ஆயிரத்தத் தாண்டினா மந்தம், ரெண்டாயிரத்துக்கு மேல போனா மண்டையிடி, கொட்டாவின்னு அந்த மேடம் சொன்னாவ.”

“உனக்கு இதெல்லாம் புரியுதா?”

“எண்ணு கூடினா தூக்கம். இதுல புரிய என்ன இருக்கு?”

முதல்வர் ‘வாழ்க்கையில் வெல்வது எப்படி’ என்று தொடங்கினார். முதல் நகைச்சுவைக்கு ஹாலே அதிர்ந்தது. இரண்டாவதற்கு நடுப் பெஞ்சு வரை சிரித்தது. மூன்றாவதற்கு முதல்வரே சிரித்துக்கொண்டார். பெட்டியில் எண் ஆயிரத்து எழுநூறைத் தாண்டியிருந்தது. ஜான்ஹவியின் தலை மெல்லச் சாய்ந்து, பக்கத்தில் இருந்தவள் தோளில் இறங்கியது. அந்தத் தோளும் சாய்ந்தது. சீட்டுக்கட்டைத் தட்டிவிட்ட மாதிரி முதல் பெஞ்சு வரிசையாகச் சரிந்தது.

“ஆக, வெற்றிக்கு முதல் தேவை...” என்று முதல்வர் கையை உயர்த்தினார். பெட்டியில் இரண்டாயிரத்து நானூறு. “முதல் தேவை... ஆஆஆ...”

கொட்டாவி. சின்னக் கொட்டாவி இல்லை. கடைவாய்ப் பல் தங்கம் வரை தெரிகிற, மைக் வழியாக நாலு மூலை ஸ்பீக்கரிலும் ஒலித்த கொட்டாவி.

“...விழிப்புணர்வு” என்று பேச்சிராஜா கடைசி பெஞ்சிலிருந்து முடித்துவைத்தான்.

ஞானையா எழுந்து மேடைக்குப் போனார். “சார், தப்பு உங்க மேலயும் இல்ல, அந்தம்மா மேலயும் இல்ல. எழுபது பேர் விட்ட மூச்சையே எழுபது பேரும் திரும்பத் திரும்ப இழுத்துட்டு இருக்காங்க. ஏசி அத குளிர வச்சுக் கொடுக்குதே தவிர, புதுக் காத்த உள்ள விடல.”

“அது எப்படி?” முதல்வர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். “ஹால் கட்டும்போதே புதுக் காத்துக்கு வழி வச்சிருக்கோம். அந்தா பாருங்க.”

கிழக்குச் சுவரில், உயரத்தில், கம்பிவலை போட்ட நாலு திறப்புகள் இருந்தன. செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு டெஸ்க் மேல் ஏறித் துப்பட்டா நுனியைக் கம்பிவலைக்கு நேரே பிடித்தாள். அது அப்படியே தொங்கியது.

“நூலு அசையல. வெளிய கடல்காத்து ஆளைத் தூக்குத மாதிரி அடிக்குது, இங்கன ஒரு பொட்டு வரல.” டெஸ்க்கிலிருந்து குதித்தாள். “அண்ணாச்சி, அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

ஞானையாவுக்குச் சோடா புரையேறிய மாதிரி இருந்தது. நேற்று ஒரு மணி நேரம் அவர் ஒதுங்கி நின்ற நிழல் அந்தப் பக்கம்தான் இருந்தது.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். பேனர், கடல்காற்று அமுக்கிய அமுக்கில், மழையில் நனைந்த சட்டை முதுகில் ஒட்டுவதுபோலச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கூர்ந்து பார்த்தால் நாலு இடத்தில் கம்பிவலையின் அச்சு தெரிந்தது.

“காலையில கரையில இருந்து கடலுக்குக் காத்து போவும்” என்றாள் செல்வி. “அப்ப பேனர் சுவர விட்டுப் புடைச்சு நிக்கும், ஹால் மூச்சு விடும். காமர்ஸ் வகுப்பு முழிச்சிருக்கும். மத்தியானம் காத்து திரும்பிக் கடல்ல இருந்து வரும். பேனர் மூடி போட்ட மாதிரி அமுங்கிரும். இத இந்த ஊர்ல வள்ளத்துல போற எவனக் கேட்டாலும் சொல்லுவான்.”

“எனக்கு ஏன் தோணல?”

“உங்க ஊர்ல காத்து கம்பங்கொல்லையில மட்டும்தான அடிக்கும்.”

அப்படியே நாலடி பின்னால் போய், எல்லோரும் அண்ணாந்து அந்தப் பேனரைப் படித்தார்கள். ஞானையா நேற்று அதன் அடியில் நின்றாரே தவிர, அதைப் படிக்கவில்லை.

‘பொருளாதாரப் புயலே! முனைவர் பட்டம் வென்ற எங்கள் கிருஷ்ணவேணி அம்மாவே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம். இவண்: கடைசி பெஞ்சுப் பாசறை.’

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கிருஷ்ணவேணி முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனார். “எனக்கு இதைப் பார்த்தாலே கூச்சம், சார். புயலாம். அதான் இந்தப் பக்கமே வர்றதில்லை.”

ஞானையா மனதுக்குள் ஒரு சந்தேக நபரின் பெயரை அவசரமாக அடித்தார்.

முதல்வரின் தூக்கம் முழுசாகக் கலைந்துவிட்டது. “ஓகோ! அனுமதி இல்லாம ஃப்ளெக்ஸ்! யார் கட்டினது?”

“நாங்கதான் சார்” என்று பேச்சிராஜா முன்னால் வந்தான். முகம் வெளிறியிருந்தது. “மேடம் வகுப்பு இதனாலதான் இப்படி ஆவுதுன்னு சத்தியமாத் தெரியாது, சார்.”

“அஞ்சு பேரும் சஸ்பென்ட். தன்னோட புகழ் பாட மாணவர்களைத் தூண்டினதா மேடம் மேலயும் கமிட்டியில சொல்லப் போறேன். நல்லாத் துப்பறிஞ்சீங்க, மிஸ்டர் ஞானையா. ரொம்ப நன்றி.”

ஞானையா மனதுக்குள் கணக்குப் போட்டார். வேலையைக் காப்பாற்ற வந்து, வேலையோடு சேர்த்து ஐந்து பிள்ளைகளின் படிப்பையும் கடலில் இறக்கியாகிவிட்டது. மாப்பிள்ளை விசாரணையில் இப்படியெல்லாம் நடக்காது. அதிகம் போனால் ஒரு கல்யாணம் நிற்கும்.

செல்வி மட்டும் பேனரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “சார், ஒரு சந்தேகம். அந்தம்மா படம் எங்க இருக்கு?”

“அதோ, மூலையில.”

“ஸ்டாம்ப் மாதிரி இருக்கு. நடுவுல ஆளுயரத்துக்கு மேல, கோட்டும் சூட்டுமா, ரெண்டு கையும் கூப்பிக்கிட்டு நிக்கது யாரு?”

எல்லோரும் பேனரையும் முதல்வரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேலேயும் கீழேயும் ஒரே மீசை.

“சார்” என்றான் பேச்சிராஜா தயங்கித் தயங்கி. “முதல்வர் படம் இல்லாத ஃப்ளெக்ஸ் காம்பவுண்டுக்குள்ள வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீய? நாங்க சின்னதாத்தான் அடிச்சுட்டு வந்தோம். ‘என்னலே, பாஸ்போர்ட் போட்டோவா’ன்னு கேட்டு நீங்கதான் திருப்பி அனுப்புனீய. ரெண்டாவது தடவ அடிச்சதுக்கு அப்புறம் கீழ நின்னு போட்டோகூட எடுத்துக்கிட்டீயளே, சார்.”

செல்வி விரலை நீட்டி எண்ணினாள். “ஒரு ஜன்னல் உங்க வலது தோளுக்குப் பின்னால. ஒண்ணு இடது தோளு. ஒண்ணு கூப்புன கை. நாலாவதுலதான் ‘புயலே’ வருது. அண்ணாச்சி, குற்றவாளி அகப்பட்டாச்சு. நல்ல சிரிச்ச முகம்.”

கடல்காற்று ஒருமுறை ஓங்கி அடித்தது. பேனரில் இருந்த முதல்வர் கன்னம் ஒட்டிப்போய் நின்றார். கீழே இருந்த முதல்வருக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

“அவிழ்த்துருங்கப்பா” என்றார் கடைசியில், மைக் இல்லாத குரலில்.

கயிறுகள் அறுந்ததும் ஹாலுக்குள் காகிதங்கள் பறந்தன. மூன்று மணிக்குக் கிருஷ்ணவேணி அதே இடத்தில் ஏறி நின்று, “உப்பு விலை யார் கையில் இருக்கு?” என்று மறுபடி கேட்டார். ஞானையா அதே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாத்தியில் உப்பு வாருகிறவருக்கு என்ன கிடைக்கிறது, மூட்டை லாரி ஏறும்போது என்ன ஆகிறது, மழை பெய்தால் யார் அழுகிறார், யார் சிரிக்கிறார் என்று கிருஷ்ணவேணி மெதுவாகத்தான் சொன்னார். குரல் உயரவில்லை. நகைச்சுவை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஜான்ஹவி இரண்டு தடவை குறுக்கே கேள்வி கேட்டாள். கடைசி பெஞ்சில் ஒருவன், ‘எங்க சித்தப்பா பாத்தியில அப்படி இல்ல மேடம்’ என்று எழுந்து நின்று சண்டை பிடித்தான். ஞானையா குறிப்பு எடுக்க மறந்துபோனார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. காலி பெஞ்சில் உட்கார்ந்து அவர் கடிதத்தாளை எடுத்தபோது முதல்வர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“மிஸ்டர் ஞானையா, பேனர் விஷயம் எழுதுங்க, எழுத வேண்டாம்னு சொல்லலை. பசங்க பேர் வேண்டாம். சஸ்பென்ட் எல்லாம் கோபத்துல சொன்னது. அந்தம்மாவுக்கு ‘இருக்கட்டும்’னு முதல் கை நானே தூக்குறேன். அந்த... அந்தக் கொட்டாவி மட்டும் வேண்டாமே. அடுத்த வாரம் நாசரேத்துல பட்டிமன்றம் இருக்கு.”

அவர் போனதும் ஞானையா பேனாவைக் கடித்தார். “கொட்டாவிய எடுத்துட்டா கதை நிக்காதே, ளா. பாடம் போரடிக்குன்னு தூங்கல, காத்து இல்லாமத்தான் தூங்குனாங்கன்னு காட்ட, வெளியாள் ஒருத்தன் சாட்சி வேணும். பிள்ளைங்க சாட்சிய கமிட்டி நம்பாது.”

“வெளியாள் ஒருத்தர் இருக்காரே” என்றாள் செல்வி. “உப்பு விலை யாரு கையிலன்னு முழுசா எழுதக்கூட முடியாம விழுந்தவரு.”

ஞானையா தாளைப் பார்த்தார். தாளின் தலையில், நல்ல நீல மையில், அவர் பெரும் பெருமையோடு அச்சடித்து வைத்திருந்த வாசகம் இருந்தது: ‘ஞானையா துப்பறியும் நிலையம். இரவும் பகலும் உறங்காத கண்கள்.’

“வேற தாளு இருக்கா?”

“இல்ல.”

அதற்குக் கீழேயே எழுதினார். கிழக்குச் சுவர், நாலு திறப்பு, கடல்காற்று என்று வரிசை எண் போட்டு எழுதினார். கட்டியவர்கள் யார் என்பது விசாரணைக்கு உட்பட்டதல்ல என்று எழுதினார். அடுத்ததாக ஐந்தாவது எண்ணைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு எழுதினார்: ‘செவ்வாய்க்கிழமை வகுப்பில், ஆசிரியை சொன்ன பாடத்தின் முதல் வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள், விசாரணைக்கு வந்த அடியேனே முதல் பெஞ்சில் குறட்டையுடன் உறங்கிவிட்டேன். ஆகவே அவர் போரடிப்பதைக் கேட்டு நான் உறங்கியிருக்க வழியில்லை. ஒலிப்பதிவு என் உதவியாளரிடம் உள்ளது. புதன்கிழமை, காற்று வந்த அறையில், அதே பாடத்தை முழுசாகக் கேட்டேன். போரடிக்கவில்லை. மணி அடித்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.’

கையெழுத்துப் போட்டார். கதவுப் பக்கம் நின்ற கிருஷ்ணவேணியை நிமிர்ந்து பார்த்தார். ஞானையா தாளை மூன்றாக மடித்து, ஓரம் ஓரமாக நகத்தால் நீவி, உறைக்குள் போட்டு, கோந்து தடவினார்.

“கமிட்டி மாடியிலதான் இருக்கு, அண்ணாச்சி. சும்மா கையில குடுத்தாப் போதாதா?”

“எதையும் ஒட்டித்தான் அனுப்பணும்.”

“சரிதான். ஒட்டலன்னா போற வழியில நான் படிச்சுச் சிரிக்க சத்தம் கீழ கேக்கும்லா” என்று சொல்லி, கோந்து காய்வதற்குள் உறையைப் பிடுங்கிக்கொண்டு, செல்வி மாடிப்படிகளில் ஏறினாள்.